மார்லிஸ் எண்ணெய் பூசிய வாரம்

எழுபத்து நாலு வயது வரை மார்லிஸ் டோலஃப்சன் யாரிடமும் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வடக்கு மினசோட்டாவில், அந்த ஏரிக்கரை ஊரில் பிறந்த எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிற கோளாறுதான். மார்லிஸுக்கு அது முற்றிப்போயிருந்தது. மகள் லின்னியா கைக்குழந்தையாக இருந்த வருஷம், ஒரு சாயங்காலம் மார்லிஸுக்குக் குடல்வால் வீங்கி வலி உயிர் போனது. புருஷன் ஹார்லன் வேலைக்குப் போயிருந்தான். எதிர்வீட்டு வாசலில் இரண்டு கார்கள் சும்மா நின்றன. அவளோ குழந்தையைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி நாற்பது மைல் ஓட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். "எதிர்வீட்டுல கேட்டிருக்கலாமேம்மா" என்று டாக்டர் திட்டியபோது, "அவங்க சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க" என்றாள்.

பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு முப்பத்தொரு வருஷ வேலை. முந்நூறு பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை என்றால் கேரமல் தடவிய ரொட்டிச் சுருள். அந்தச் சுருளுக்காகவே காய்ச்சலோடு பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகள் உண்டு. இப்போது தலை நரைத்துவிட்ட அந்தப் பிள்ளைகள் கடையில் அவளைப் பார்த்தால் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். "அடியில கொஞ்சம் தீஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவாள். யாராவது பாராட்டினால் அவளுக்கு அரிப்பு எடுக்கும்.

இந்த ஊரில் ஒரு மரியாதை உண்டு. காபி தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இன்னொரு தடவை கேட்டால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவையும் கேட்டால்தான், "சரி, அரைக் கப்" என்று கையை நீட்டலாம். கேட்கிறவருக்கும் இது தெரியும், மறுக்கிறவருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்குத்தான் தெரியாது. அவர்கள் ஒரு தடவை கேட்டுவிட்டுக் கெட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். பாவம், விருந்தாளி வறண்ட தொண்டையோடு வீடு போய்ச் சேருவார்.

ஹார்லன் ரோடு இலாகாவில் பனி தள்ளும் வண்டி ஓட்டினான். பேச்சில் இந்த ஊர்க்காரர்களைவிடவும் அவன் சிக்கனம். மிக நல்ல சாப்பாட்டுக்கு "மோசமில்லை" என்பான். மகள் பட்டம் வாங்கிய அன்று "பரவாயில்லையே" என்றான். ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில், அவள் காருக்கு டயர் மாற்றிக்கொடுத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "நாம கல்யாணம் பண்ணிக்கிட்டாலும் பண்ணிக்கலாம்" என்றான். அவன் கையிலிருந்த திருகாணி ஒன்று நழுவிச் சாக்கடையில் விழுந்தது. அவன் ஏங்கி ஏங்கிக் கேட்கிற விதமே அதுதான் என்று அன்றைக்கே அவளுக்குப் புரிந்துவிட்டது. "பண்ணிக்கலாம்" என்றாள். அத்தோடு நிச்சயதார்த்தம் முடிந்தது.

அவன் நிறையப் பேசியது ஒரே ஒரு விஷயத்தில். வீட்டுக்குப் பின்னால் அவன் போட்ட டெக்கைப் பற்றித்தான். ஊரில் டெக் இல்லாத வீடு கிடையாது. கண்ணாடிக் கதவைத் தள்ளினால் நேராகக் கால் வைக்கிற மரத்தளம். அங்கிருந்து புல்வெளி, புல்வெளி முடிகிற இடத்தில் ஏரி. ஏழு மாதம் பனியில் அடைந்துகிடக்கிற ஜனங்களுக்கு மீதி ஐந்து மாத வாழ்க்கை அதன்மேல்தான். ஹார்லன் தேவதாருப் பலகை வாங்கி, ஒரு கோடை முழுக்கத் தனியாளாக நின்று போட்டான். அன்றிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அதற்கு எண்ணெய் பூசுவான். அந்த மூன்று நாலு நாளும் வீட்டில் திருவிழா மாதிரி கெடுபிடி. யாரும் பின்கதவைத் திறக்கக் கூடாது, நாயை அவிழ்க்கக் கூடாது.

முதலில் தேய்த்துக் கழுவுவான். இரண்டு முழு நாள் வெயிலில் காயவிடுவான். பிறகு விரலைத் தண்ணீரில் தோய்த்து, பலகைமேல் அங்கங்கே சொட்டுவிட்டுப் பார்ப்பான். சொட்டு உருண்டு நின்றால் மரம் தயாரில்லை. உள்ளே இழுத்துக்கொண்டால் தயார். ஒரு பலகையை ஆரம்பித்தால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிறுத்தாமல் பூச வேண்டும். நடுவில் மூக்கைச் சொறிய நின்றாலும் அங்கே ஒரு கோடு விழுந்து இரண்டு வருஷத்துக்குப் பல்லிளிக்கும். எல்லாவற்றுக்கும் மேல், ஒரே பூச்சு, அதுவும் மெல்லிசாக. "மரம் குடிக்கிற அளவுதான் குடுக்கணும். மேல நிக்கிறதெல்லாம் பசை" என்பான். கால் மணி கழித்துத் துணியால் ஒற்றி எடுத்துவிடுவான். இத்தனை வருஷத்தில் மார்லிஸ் பிரஷைத் தொட்டதில்லை. எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து வைத்துவிட்டு, விட்டுப்போன இடங்களைச் சுட்டிக்காட்டுவது அவள் வேலை. அதில் அவள் கண் தப்பாது.

மார்லிஸுக்கு எழுபத்து நாலு வயதான வருஷம், ஏப்ரலில் ஹார்லனுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. தெரிந்தபோதே டாக்டர்கள் கையைப் பிசைந்தார்கள். ஜூலையில் லூத்தரன் சர்ச்சிலிருந்து நாலு ஆண்கள் மரம், சுத்தியல் சகிதம் வந்து இறங்கி, சக்கர நாற்காலி போய் வர டெக்கிலிருந்து தரைக்கு ஒரு சரிவுப்பாதை அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களைக் கூட்டிவந்தவன் பக்கத்து வீட்டு டுவேன். மார்லிஸ் யாரையும் கேட்கவில்லை, யாரும் அவளையும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரிந்து வந்த கூட்டம் அது. அந்தச் சரிவு வந்த பிறகு தினம் மத்தியானம் ஹார்லனை வெளியே தள்ளிப்போய் ஏரியைப் பார்க்க உட்கார்த்துவாள். ஆகஸ்டில் நிலைமை மோசமாகி மூன்று வாரம் கட்டிலோடு கிடந்தான். அதற்குப் பிறகு வெளியே போகவில்லை.

முன்னறையில், கண்ணாடிக் கதவை ஒட்டி ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றைப் போட்டிருந்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் நர்ஸ் ரெனே வீட்டுக்கு வந்து பார்ப்பாள். சின்னப்பெண், ஒளிவுமறைவு தெரியாதவள். செப்டம்பர் மூன்றாவது வாரம் வாசல்வரை வந்தவள் திரும்பி நின்று சொன்னாள்.

"ரெண்டு வாரம்னு நினைக்கிறேன் மார்லிஸ். மூணும் இருக்கலாம். அவருக்கு ஆசைன்னு எதாவது இருந்தா இப்பவே செஞ்சிருங்க."

"அவருக்கு என்ன ஆசை இருக்கப்போகுது" என்றாள் மார்லிஸ். துக்கத்தில் வந்த பேச்சு இல்லை அது. ஹார்லனிடமிருந்து ஆசையைத் தோண்டி எடுப்பது அவ்வளவு லேசான காரியமா என்ற அலுப்பு.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையே அவன் வாயைத் திறந்தான். சூப் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று கரண்டி இறங்கியது, நாலாவதைக் கையால் தள்ளிவிட்டான். கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். இரண்டு கோடையாக எண்ணெய் காணாத பலகைகள் சாம்பல் நிறத்தில் சிலிர்த்துக் கிடந்தன.

"வெளுத்துப்போச்சு இல்ல" என்றான்.

"ஆமா" என்றாள்.

பார்வை பலகைகளைத் தாண்டி ஏரிக்குப் போனது. பிறகு, "ஒரு நாள் மத்தியானம் வெளிய போய் உக்காந்தாலும் உக்காரலாம்" என்றான்.

இரண்டு வாக்கியம். மார்லிஸ் இரண்டையும் கேட்டாள். ஆனால் முதல் வாக்கியம்தான் அவளைப் பிடித்துக்கொண்டது. அதற்குக் காரணம் இருக்கிறது. முப்பத்தொரு வருஷம் ஊருக்கே சோறு போட்டவளுக்கு, சொந்தப் புருஷன் வாயில் நாலாவது கரண்டியை ஊட்ட முடியவில்லை. அடுப்படியில் நின்றால் அழுகை வந்தது. பக்கத்து வீட்டார் கொண்டுவந்து வைத்த கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் தட்டுகள் குளிர்பெட்டியில் தொடாமல் கிடந்தன. அவள் கைகளுக்கு வேலை இல்லை. இப்போது ஒரு வேலை வந்துவிட்டது. அவன் தன் கையால் போட்ட தளத்தை அழகாக்கி, பழைய பொன்னிறத்துக்குக் கொண்டுவந்து, அதன் நடுவில் அவனை ராஜா மாதிரி கொண்டுபோய் உட்கார்த்துவது. முதலில் அது, பிறகு இது. அவளுக்கு இதைவிட நியாயமாக எதுவும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை நாற்காலிகளையும் பூந்தொட்டிகளையும் புல்லில் இறக்கிவிட்டு, முட்டிக்குக் கீழே பழைய தலையணை ஒன்றைப் போட்டுக்கொண்டு, பிரஷும் வாளியுமாக உட்கார்ந்தாள். ஹார்லன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டிலை நிமிர்த்திக்கொண்டு பார்த்தான். பாதியில் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவளிடம், "யாரு இது, புது மேஸ்திரியா?" என்றான்.

"ஆமா. கூலி அதிகம் கேப்பேன்."

"வேலையைப் பாத்தா அப்படித் தெரியலையே. அந்த மூலையில பாசி அப்படியே இருக்கு."

"உன் கண்ணு இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய் அந்த மூலையைத் தேய்த்தாள். ஐந்து மாதத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு ஹார்லன் எப்படி வாயைத் திறப்பான்?

செவ்வாயும் புதனும் வெயில் காய்ந்தது. இலைகள் சிவக்க ஆரம்பித்திருந்தன. பலகைகள் நன்றாக உலர்ந்து, சுத்தமாகக் கிடந்தன. அந்த இரண்டு நாளில் எந்த நாளும் அவனை வெளியே தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் கழுவிய மரத்தில் கால் படக் கூடாது, சக்கரம் படக் கூடாது. அது ஹார்லனே போட்ட சட்டம். புதன் மத்தியானம் அவன், "நல்ல வெயில் அடிக்குது" என்றான். "ஆமா, மரத்துக்கு நல்லது" என்றாள் மார்லிஸ்.

அன்று சாயங்காலம் விரலால் தண்ணீர் சொட்டுவிட்டுப் பார்த்தாள். மரம் மடக்கென்று இழுத்துக்கொண்டது. கண்ணாடி வழியாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அவனும் விரலைத் தூக்கினான். அது எழும்ப நேரமாயிற்று.

வியாழக்கிழமை காலை எண்ணெய் டப்பாவைத் திறந்தாள். முனையிலிருந்து முனைவரை, நிறுத்தாமல், ஒவ்வொரு பலகையாக. இடுப்பு விட்டுப்போனது, முட்டி மரத்துப்போனது. பதினொரு மணிக்கு முழுத்தளமும் முடிந்தபோது மார்லிஸுக்கே நம்ப முடியவில்லை. சாம்பல் நிறம் போய், உள்ளேயிருந்த தேனிறம் வெளியே வந்திருந்தது. எங்கும் ஒரு கோடு இல்லை. உள்ளே போய்க் கட்டிலருகே நின்றாள்.

ஹார்லன் வெகுநேரம் பார்த்தான். "மோசமில்லை" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

அத்தோடு விட்டிருந்தால் கதை வேறு. வெள்ளிக்கிழமை மத்தியானம் காய்ந்திருக்கும்.

டப்பாவில் பாதி எண்ணெய் மிச்சம் இருந்தது. மூன்று மணிக்கு அவள் மறுபடி பிரஷை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று பிற்பாடு தன்னையே பல தடவை கேட்டுக்கொண்டாள். வேலை முடிந்துவிட்டால் மறுபடி சும்மா இருக்க வேண்டும் என்ற பயம் ஒன்று. அடுத்த தடவை இதைப் பூச யார் இருப்பார்கள் என்ற நினைப்பு இன்னொன்று. முதல் பலகையில் பாதி போவதற்குள் கண்ணாடியில் டொக் டொக் என்று கரண்டியால் தட்டும் சத்தம் கேட்டது. பலகையை முனைவரை முடித்துவிட்டு, கதவைக் கொஞ்சம் தள்ளித் தலையை நீட்டினாள்.

"ஒரு பூச்சு போதும் மேஸ்திரி" என்றான் ஹார்லன்.

"ரெண்டு போட்டா மூணு வருஷம் தாங்கும்."

அவன் அவளைப் பார்த்தான். "மூணு வருஷம்" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னான். பிறகு, "சரி. நீ பாத்துக்க" என்று தலையணையில் சாய்ந்துகொண்டான்.

அவள் தாராளமாகப் பூசினாள். ஒற்றி எடுக்கவும் இல்லை. முதல் பூச்சிலேயே வயிறு நிறைந்துவிட்ட மரம் இரண்டாவதைத் தொடவில்லை. சாயங்காலம் மேகம் மூடிக் குளிர் இறங்கியது. செப்டம்பர் கடைசியில் இந்தப் பக்கம் குளிர் அப்படித்தான், சொல்லாமல் வரும். வெள்ளிக்கிழமை காலை மார்லிஸ் கதவைத் திறந்து விரலை வைத்துப் பார்த்தாள். விரல் ஒட்டிக்கொண்டு வந்தது. முழுத்தளமும் வெல்லப்பாகு மாதிரிப் பிசுபிசுத்துக் கிடந்தது.

பத்து மணிக்கு டுவேன் வந்தான். அறுபது வயது, மனைவி இறந்த பிறகு தோட்டமும் படகுமே கதி என்று இருப்பவன். முன்வாசல் ஐந்து படியும் ஏறி வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முன்னறையில் ஹார்லனோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு சமையலறைக்கு வந்தான்.

"மார்லிஸ், எங்கிட்ட நாலு பிளைவுட் பலகை இருக்கு. கதவுலேருந்து சரிவு வரைக்கும் மேலாகப் போட்டுட்டா அவரைத் தள்ளிட்டுப் போயிரலாம். காயறதுக்கு நிக்க வேண்டியதில்ல."

"ஐயோ, பூச்சு கெட்டுப்போயிரும். பலகை ஒட்டிக்கிட்டா பிச்சுக்கிட்டு வரும். நாளைக்குக் காஞ்சிரும் டுவேன்."

"சரி" என்றான் டுவேன்.

முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்பதுதானே பதில். அவன் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை விடிந்தபோது அந்த வருஷத்தின் மிக நல்ல நாளாக விடிந்தது. மேகம் ஒன்றும் இல்லை. ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. வெளியே சட்டை போதும் என்கிற வெதுவெதுப்பு. ஊரில் எல்லோரும் டெக்கில் இருந்தார்கள். யாரோ கறி சுடும் வாசனைகூட வந்தது. மார்லிஸ் டர்பன்டைனில் தோய்த்த கந்தல்துணிகளோடு முட்டிபோட்டு, பலகை பலகையாகப் பிசினைத் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடம் மங்கியது, துடைக்காத இடம் ஒட்டியது. மத்தியானத்துக்குள் மூன்றில் ஒரு பங்குகூட முடியவில்லை. வேலி ஓரமாக வந்து நின்றான் டுவேன்.

"பலகையை எடுத்துட்டு வரட்டுமா? நானும் இன்னொரு ஆளும் இருந்தா அஞ்சு நிமிஷம்."

"உனக்கு எதுக்குப்பா சிரமம். பாதி துடைச்சிட்டேன். நாளைக்கு நிச்சயம் காஞ்சிரும்."

"சிரமம் ஒண்ணும் இல்ல" என்றான். நின்றான். அவள் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தாள். "அப்ப நாளைக்குப் பாக்கலாம்" என்று போய்விட்டான். அவள் மனசுக்குள் கணக்கு ஓடாமல் இல்லை. நாளைக்கு வந்து கேட்பான், அது மூன்றாம் தடவை, சரி என்று சொல்லிவிடலாம். ஒரு நாள்தானே.

மூன்று மணிக்கு உள்ளே போய்க் கை கழுவிவிட்டு ஹார்லனின் உதட்டை ஈரத்துணியால் நனைத்தாள். அவளிடமிருந்து டர்பன்டைன் நாறியது. அவன் கண்ணைத் திறந்தான்.

"நல்ல நாளு" என்றான்.

"நாளைக்கும் நல்லா இருக்குமாம். ரேடியோவுல சொன்னாங்க. நாளைக்கு உன்னை வெளிய கூட்டிட்டுப் போறேன்."

"ம். நாளைக்குன்னா நாளைக்கு." அவள் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தான். "நல்ல வேலைக்காரிதான் நீ" என்றான்.

அவன் பேசியதில் அதுதான் கடைசி. ஞாயிறு காலை ஆறேகாலுக்கு, அவள் காபி போட எழுந்து அடுப்படிக்குப் போன நேரத்தில், மூச்சு நின்றுபோயிருந்தது. முகம் கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்தது. ரேடியோ சொன்னபடியே வெளியே நல்ல வெயில்.

மார்லிஸ் போய் அடுப்பை அணைத்தாள். ரெனேவுக்குப் போன் செய்தாள்; அரிசோனாவில் இருக்கும் லின்னியாவுக்குச் செய்தாள். ரெனே வந்து, பார்த்து, எழுதி, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, சவ அடக்க நிலையத்துக்குச் சொல்லிவிட்டுப் போனாள். எட்டு மணிக்குப் பின்பக்கம் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவர்கள் இல்லை, டுவேன். சர்ச் உடுப்பில் இருந்தான். பிக்கப் வண்டியின் பின்னால் நாலு பிளைவுட் பலகை. சரிவுக்குக் கீழே நின்று, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, கதவைத் திறந்த மார்லிஸைப் பார்த்துச் சிரித்தான்.

"மூணாவது தடவையா கேக்குறேன்" என்றான்.

"போயிட்டாரு டுவேன்" என்றாள்.

அவன் முன்வாசல் வழியாகச் சுற்றி உள்ளே வந்தான். கட்டில் அருகே போய் நின்றான். தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டே பேசினான்.

"வெள்ளிக்கிழமை நீங்க அடுப்படியில இருந்தப்ப இவர்கிட்டயும் கேட்டேன். பலகை போட்டுக் கூட்டிட்டுப் போகவான்னு. 'எனக்காகத்தான் பூசிட்டிருக்கா, அதைக் கெடுக்க வேணாம்'னாரு. அதனாலதான் நேத்து நான் அழுத்திக் கேக்கல. தூக்கிட்டுப் போயிருக்கணும். நீங்க வேணாம்னாலும் தூக்கிட்டுப் போயிருக்கணும்."

மார்லிஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்ன இரண்டு வாக்கியமும் காதில் வந்து நின்றன. முதலாவது சும்மா சொன்னது. கண்ணில் பட்டதைச் சொன்னது. இரண்டாவதுதான் கேட்டது. சாக்கடையில் திருகாணி விழுந்த அன்றைக்குப் பிறகு அவன் அந்தக் குரலில் அவளிடம் எதையும் கேட்டதில்லை. அதைத் தெரிந்துகொள்ள உலகத்தில் ஒரே ஒருத்தியால்தான் முடியும். அந்த ஒருத்தி வாரம் முழுக்க அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முட்டிபோட்டுப் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தக் கை இன்னும் டர்பன்டைன் நாறியது.

ஒன்பதரைக்கு அடக்க நிலையத்து ஆட்கள் இருவர் வந்தார்கள், ஒரு பெரியவரும் நடுவயதுக்காரர் ஒருவரும். கறுப்புக் கோட்டு, மெதுவான பேச்சு. முன்பக்க நடைவழியின் திருப்பத்தில் சக்கரக் கட்டில் திரும்பாது என்று அளந்து பார்த்துச் சொன்னார்கள். பின்பக்கம் சரிவுப்பாதை இருப்பதைப் பெரியவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"இந்த வழியாப் போகலாம்மா. ஆனா ஏதோ பூசியிருக்கு போலிருக்கே."

"இன்னும் காயல" என்றாள் மார்லிஸ்.

"நான் பிளைவுட்டைப் போட்டுடறேன்" என்று டுவேன் எழுந்தான்.

"வேண்டாம்."

"கெட்டுப்போயிரும் மார்லிஸ். ரெண்டே நிமிஷ வேலை."

"வேண்டாம் டுவேன்."

டுவேன் அவள் முகத்தைப் பார்த்தான். மறுபடி கேட்கவில்லை.

கண்ணாடிக் கதவு இரண்டு பக்கமும் முழுக்கத் திறந்தது. ஹார்லனைப் போர்த்து, பட்டை கட்டி, சக்கரக் கட்டிலில் வெளியே தள்ளினார்கள். சக்கரங்கள் பிசினில் சர்சர்ரென்று பிரிந்து பிரிந்து உருண்டன. பெரியவரின் பளபளப்பான ஷூ ஒவ்வொரு அடிக்கும் ஒட்டிப் பிரிந்தது; அவர் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. பின்னாலேயே மார்லிஸ் வீட்டுச் செருப்போடு வந்தாள். தளத்தின் நடுவுக்கு வந்ததும் ஒரு செருப்பு கழன்று பலகையோடு நின்றுவிட்டது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நிறுத்துங்க" என்றாள்.

அவர்கள் நின்றார்கள்.

"திருப்புங்க. ஏரிப் பக்கம். தலைமாட்டைத் தூக்க முடியுமா? தூக்குங்க. முகத்தைத் திறந்துவிடுங்க."

இந்த ஊரில் யாரும் யாரிடமும் இப்படிப் பேசுவதில்லை. நடுவயதுக்காரர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் குனிந்து தலைமாட்டை உயர்த்தினார், துணியை மார்புவரை மடித்துவிட்டார். ஏரியில் வாத்துக்கூட்டம் ஒன்று தெற்கே கிளம்புவதற்கு முந்தைய இரைச்சலோடு கூடியிருந்தது. உட்கார நாற்காலி இல்லை. எல்லாவற்றையும் அவள்தானே புல்லில் இறக்கியிருந்தாள். மார்லிஸ் ஒட்டுகிற பலகைமேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நைட்டி பிசினில் ஒட்டியது. போர்வைக்குள் கைவிட்டு ஹார்லனின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"நீ கேட்டது என் காதுல விழுந்துது ஹார்லன்" என்றாள். "விழுந்தும் உன்னை உள்ளயே போட்டுட்டு நான் தரையைப் பாத்துக்கிட்டிருந்தேன். என்னை மன்னிச்சிரு."

டுவேன் கண்ணாடிக் கதவோரம் நின்று சட்டைக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சர்ச் மணி அடித்து ஓய்ந்தது. வெயில் ஏறியது. கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவர் தொண்டையைக் கனைத்து, மிகத் தணிந்த குரலில், "போகலாமாம்மா?" என்றார்.

"இல்ல" என்றாள் மார்லிஸ். "மத்தியானம் வரைக்கும் இருங்க."

பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சக்கரம் உருளாமல் இருக்கப் பூட்டைக் காலால் அழுத்தினார். பூட்டுக்கு அவசியம் இல்லை. சக்கரம் நாலும் எண்ணெயில் அதற்குள் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன.